விட்டுப்போன சுன்னத் தொழுகையைத் திரும்பத் தொழணுமா? கடன் எது, கடன் இல்லாதது எது?

ராஜபாளையத்துக்கு மேற்கே, மலை அடிவாரத்தில் இருக்கிறது அய்யனார் கோவில். சாமி கும்பிட வருகிறவர்கள் ஒரு பக்கம், ஆற்றில் குளிக்க வருகிறவர்கள் ஒரு பக்கம் என லீவு நாளில் கூட்டம் களைகட்டும். சில வாரங்களுக்கு முன்பு நண்பர்கள் மூன்று பேர் அங்கே போயிருந்தோம். ஒருவர் உள்ளூர்க்காரர், ராஜபாளையத்தில் ஒரு மில்லில் ஷிப்ட் வேலை. இன்னொருவர் காயல்பட்டினத்துக்காரர், மதுரையில் என்னோடு வேலை பார்ப்பவர். இரண்டு பேரும் முஸ்லிம்கள்.

லுஹர் நேரம் வந்ததும் ஆற்றுத் தண்ணீரிலேயே ஒளு செய்துவிட்டு, பாறைமேல் துண்டை விரித்துக் கடமையான தொழுகையைத் தொழுதார்கள். அதற்குள் மலைமேல் மேகம் கட்டிவிட்டது. இந்த ஆற்றில் மேலே மழை பெய்தால் கீழே சட்டென்று தண்ணீர் ஏறும். "எல்லாரும் இறங்குங்க" என்று சத்தம் வரவே, சுன்னத் தொழாமலே கிளம்பினோம். வழியில் சாப்பாடு, பைக் பஞ்சர் என்று இழுத்து, வீடு போய்ச் சேரும்போது அஸர் நேரமும் வந்துவிட்டது. பள்ளிவாசலில் அஸர் தொழுதுவிட்டு வந்தார்கள்.

அப்போதுதான் பேச்சு ஆரம்பித்தது.

"மாப்ள, லுஹர் சுன்னத்து விட்டுப்போச்சுல்ல, இப்ப தொழுதுட்டு வந்துடுறேன்" என்றார் காயல்பட்டினத்துக்காரர்.

"நேரம் முடிஞ்சா அதோட சரிடா. சுன்னத்துக்கு ஏது களா? அதுவும் அஸருக்கு அப்புறம்!" என்றார் ராஜபாளையத்துக்காரர்.

யார் சொன்னது சரி? இரண்டு பேருமே சரியாகத்தான் சொன்னார்கள். எப்படி என்று பார்ப்போம்.

முதலில், எது எந்த வகை?

ஒரு நாளில் ஐந்து வேளைக்கும் சேர்த்துக் கடமையான தொழுகை 17 ரக்அத். ஃபஜ்ர் 2, லுஹர் 4, அஸர் 4, மஃரிப் 3, இஷா 4. இதற்குப் பெயர் ஃபர்ளு. இதை விட்டால் குற்றம்.

ஃபர்ளுக்கு முன்னும் பின்னும் நபிகள் நாயகம் வழக்கமாகத் தொழுதுவந்தவை சுன்னத் தொழுகைகள். இவற்றில் வலியுறுத்தப்பட்டவை நாளொன்றுக்கு 12 ரக்அத் என்று ஒரு ஹதீஸும், 10 ரக்அத் என்று இன்னொரு ஹதீஸும் இருக்கின்றன. ஹனஃபி வழிமுறையினர் 12 என்றும், ஷாஃபி வழிமுறையினர் 10 என்றும் எடுத்துக்கொள்கிறார்கள். வித்தியாசம் லுஹருக்கு முன்னால் தொழுவது 4 ரக்அத்தா, 2 ரக்அத்தா என்பதில்தான்.

இவை தவிர, முற்பகலில் தொழும் லுஹா, இரவில் தூங்கி எழுந்து தொழும் தஹஜ்ஜுத், ரமலானில் தராவீஹ் எல்லாம் உண்டு. இவை போக, நேரமும் காரணமும் குறிக்காமல் ஒருவர் தன் விருப்பத்துக்குத் தொழுவதும் உண்டு. ஃபர்ளு அல்லாத இந்த உபரித் தொழுகைகளைப் பொதுவாக நஃபில் என்பார்கள்.

'களா' என்றால் என்ன?

ஒரு தொழுகையை அதற்குரிய நேரத்தில் தொழாமல், நேரம் போன பிறகு நிறைவேற்றுவதுதான் களா. தூங்கிப்போனதாலோ மறந்துபோனதாலோ ஃபர்ளு விட்டுப்போனால், நினைவு வந்ததும் தொழுதுவிட வேண்டும் என்பதில் எல்லோரும் ஒரே கருத்து. வேண்டுமென்றே விட்டதற்கும் களா உண்டு என்பது நான்கு மத்ஹபுகளின் நிலைப்பாடு. இப்னு ஹஸ்ம், இப்னு தைமிய்யா போன்ற அறிஞர்கள் மட்டும், வேண்டுமென்றே விட்டதற்குக் களா கிடையாது, மனம் திருந்தி இனி நல்லதை அதிகம் செய்வதே வழி என்றார்கள்.

சரி, விட்டாலே குற்றமில்லாத ஒரு தொழுகைக்குக் களா உண்டா? நண்பர்கள் இருவரும் பிரிவது இந்த இடத்தில்தான்.

ஒரே மாநிலம், இரண்டு பதில்

காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்களில் ஷாஃபி மத்ஹப் வழக்கம். அரபு நாட்டுக் கடல் வணிகத் தொடர்பு அதற்கு ஒரு காரணம். உள்நாட்டு ஊர்களில், குறிப்பாக ராவுத்தர் குடும்பங்களில், பெரும்பாலும் ஹனஃபி. ஒருவர் வீட்டில் 'வாப்பா', இன்னொருவர் வீட்டில் 'அத்தா' என்பதுபோலத்தான் இதுவும். சின்ன வயதிலிருந்து பார்த்துப் பழகிய முறை.

ஹனஃபி வழிமுறையின் இமாம் அபூஹனீஃபா, இராக்கின் கூஃபாவைச் சேர்ந்தவர். அவர் மறைந்தது கி.பி. 767-ல். அதே ஆண்டில் பிறந்தவர் இமாம் ஷாஃபி.

ஷாஃபி என்ன சொல்கிறது?

நேரம் குறிக்கப்பட்ட நஃபில் எதுவாக இருந்தாலும், விட்டுப்போனால் பிறகு தொழுவது நல்லது. ஐவேளைத் தொழுகையின் சுன்னத், வித்ரு, லுஹா, தராவீஹ் எல்லாம் இதில் வரும். கட்டாயம் இல்லை, ஆனால் தொழுதால் நன்மை.

காரணத்தை ஒட்டி வரும் தொழுகைக்கு மட்டும் இது பொருந்தாது. கிரகணத் தொழுகை ஓர் உதாரணம். கிரகணம் விட்டுவிட்டால் அந்தக் காரணமே முடிந்துபோகிறது. பள்ளிவாசலுக்குள் நுழைந்ததும் தொழும் இரண்டு ரக்அத்தும் அப்படித்தான்.

ஃபஜ்ருக்கு முன்னால் தொழ வேண்டிய 2 ரக்அத் விட்டுப்போனால், ஃபர்ளு முடிந்த கையோடு எழுந்து தொழுதுகொள்ளலாம்.

ஹனஃபி என்ன சொல்கிறது?

களா என்பது கடமைக்குத்தான். சுன்னத்துக்கு நேரம் போனால் போனதுதான். இதில் சில விதிவிலக்குகள் உண்டு.

ஒன்று, லுஹருக்கு முந்தைய 4 ரக்அத். ஜமாஅத் ஆரம்பித்துவிட்டதால் அதைத் தொழ முடியாவிட்டால், ஃபர்ளுக்குப் பிறகு தொழலாம். ஆனால் லுஹர் நேரம் முடிவதற்குள் தொழ வேண்டும். ஹனஃபி கணக்கில் லுஹர் நேரம் கொஞ்சம் நீளம் என்பதால் அவகாசமும் அதிகம். உள்நாட்டு ஊர்ப் பள்ளிவாசல்களில் அஸர் பாங்கு தாமதமாகக் கேட்பதற்கும் இதுதான் காரணம்.

இரண்டு, ஃபஜ்ர் சுன்னத். ஃபஜ்ரின் ஃபர்ளும் சேர்ந்தே விட்டுப்போய், நண்பகலுக்கு முன்பு களா செய்தால், சுன்னத்தையும் சேர்த்துத் தொழ வேண்டும். ஒரு பயணத்தில் நபிகள் நாயகமும் தோழர்களும் அசந்து தூங்கி, வெயில் ஏறியபின் எழுந்து, முதலில் சுன்னத்தையும் பிறகு ஃபர்ளையும் தொழுத சம்பவம் இதற்கு ஆதாரம். சுன்னத் மட்டும் தனியாக விட்டுப்போனால்? தேவையில்லை என்பது அபூஹனீஃபாவின் கருத்து. சூரியன் உதித்த பிறகு, நண்பகலுக்குள் தொழுவது நல்லது என்பது அவருடைய மாணவர் இமாம் முஹம்மதின் கருத்து.

மூன்று, வித்ரு. ஹனஃபியில் இது சுன்னத் இல்லை, 'வாஜிப்'. ஏறக்குறைய கடமை. விட்டால் களா செய்தே ஆக வேண்டும்.

ஓர் அஸர் நேரத்தில் நடந்தது

எங்கள் காயல்பட்டினத்து நண்பர் செய்தது போலவே ஒரு சம்பவம் ஹதீஸ் நூல்களில் இருக்கிறது. புகாரி, முஸ்லிம் இரண்டிலும் வருகிறது.

அஸருக்குப் பிறகு நஃபில் தொழக் கூடாது என்று நபிகள் நாயகம் சொல்லியிருந்தார். ஆனால் ஒருநாள் அவரே அஸருக்குப் பிறகு 2 ரக்அத் தொழுவதை மனைவி உம்மு ஸலமா பார்த்தார். பணிப்பெண்ணை அனுப்பிக் காரணம் கேட்டார். அப்துல் கைஸ் கோத்திரத்திலிருந்து ஆட்கள் வந்திருந்தார்கள், அவர்களோடு பேசிக்கொண்டிருந்ததில் லுஹருக்குப் பிந்தைய 2 ரக்அத் விட்டுப்போனது, அதைத்தான் இப்போது தொழுதேன் என்று பதில் வந்தது.

'பாருங்கள், விட்டுப்போன சுன்னத்தைத் தொழலாம், அதுவும் அஸருக்குப் பிறகே தொழலாம்' என்று ஷாஃபி அறிஞர்கள் இதை ஆதாரமாக எடுத்தார்கள். 'இது அவருக்கு மட்டும் உரிய சிறப்பு. மற்றவர்களுக்கு அஸருக்குப் பிறகு நஃபில் கூடாது என்ற பொதுத் தடைதான் பொருந்தும்' என்று ஹனஃபி அறிஞர்கள் விளக்கினார்கள்.

சம்பவத்தை யாரும் மறுக்கவில்லை. அதை மற்றவர்களுக்கும் பொருத்தலாமா என்பதில்தான் கருத்து வேறுபாடு. ஆயிரம் வருஷத்துக்கு மேல் இரண்டு பதில்களும் பக்கத்துப் பக்கத்திலேயே இருந்துவருகின்றன.

மற்ற இரண்டு மத்ஹபுகளிலும் இதே பிரிவுதான். மாலிகியில் ஃபஜ்ர் சுன்னத்துக்கு மட்டும் நண்பகல் வரை களா உண்டு. ஹன்பலியில் ஐவேளை சுன்னத்துகளை களா செய்வது நல்லது.

நைட் ஷிப்ட்காரரின் பட்டியல்

ராஜபாளையத்து நண்பர் கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். பிறகு அவராகவே ஆரம்பித்தார்.

1936-ல் ராஜபாளையம் மில்ஸ் தொடங்கியதிலிருந்து மில் சங்கு இந்த ஊரின் கடிகாரம் மாதிரி. இவர் குடும்பமும் மில் குடும்பம். ஒரு ரமலானில் அம்மாவோடு சேர்ந்து தஹஜ்ஜுத் தொழ ஆரம்பித்திருக்கிறார். ரமலான் முடிந்த பிறகும் விடவில்லை. பிறகு நைட் ஷிப்ட் வந்தது. ராத்திரி முழுக்க மெஷின் நடுவே நிற்பவருக்குத் தஹஜ்ஜுத் எங்கே? ஃபஜ்ருக்குக் கிடைப்பது பத்து நிமிஷ பிரேக். அதில் ஃபர்ளு மட்டும்தான் முடியும்.

"விட்டதெல்லாம் பின்னாடி கட்டிடலாம்னு போன்ல எழுத ஆரம்பிச்சேன். தஹஜ்ஜுத், ஃபஜ்ர் சுன்னத்து, வித்ரு, எல்லாம். கணக்கு நானூறைத் தாண்டிருச்சு. அதைத் திறந்து பார்க்கவே பயம். அப்புறம் சுன்னத்தே வேணாம்னு விட்டேன். இப்ப ஃபஜ்ரே சில நாள் போயிடுது."

கடன் ஏற ஏற, வட்டிக்கடைப் பக்கமே போகாமல் சுற்றிப் போகிறவரைப் போல ஆகிவிட்டார். அந்தப் பட்டியலில் இருந்ததில் பெரும்பகுதி கடனே இல்லை என்பதுதான் விஷயம்.

இரவுத் தொழுகைக்கு ஒரு வழி

தஹஜ்ஜுத் பற்றி ஆயிஷா சொன்ன ஒரு செய்தி முஸ்லிம் நூலில் வருகிறது. தூக்கத்தாலோ உடல்வலியாலோ நபிகள் நாயகத்துக்கு இரவுத் தொழுகை விட்டுப்போனால், மறுநாள் பகலில் 12 ரக்அத் தொழுவார். வழக்கமாக அவர் இரவில் தொழுதது வித்ரோடு சேர்த்து 11. பகலில் ஒற்றைப்படையை இரட்டைப்படையாக்கி 12 தொழுதார் என்று அறிஞர்கள் விளக்குகிறார்கள்.

அதே நூலில் உமர் அறிவிக்கும் இன்னொரு ஹதீஸ். இரவில் வழக்கமாக ஓதுவதைத் தூக்கத்தால் விட்டவர், ஃபஜ்ருக்கும் லுஹருக்கும் இடையே அதை ஓதினால், இரவிலேயே ஓதியதாகப் பதிவாகும் என்பது அதன் கருத்து.

ஆக, காலையில் ஷிப்ட் முடிந்து வந்து, சூரியன் உதித்து சுமார் 20 நிமிஷம் கழித்து, தூங்கப் போகும் முன்பு இரண்டு ரக்அத் தொழுதால் போதும். ஷாஃபிக்காரர் இதைக் களா என்பார். ஹனஃபிக்காரர் களா என்று சொல்லாமல் புதிய நஃபில் என்பார். பெயர் எதுவானாலும் வழி திறந்தே இருக்கிறது. இதே நேரத்தில் ஃபஜ்ர் சுன்னத்தையும், இமாம் முஹம்மதின் கருத்துப்படி, தொழுதுகொள்ளலாம்.

விருப்பம் எப்போது கடனாகும்?

வித்ரைத் தவிர, இரண்டு இடங்களில் உஷாராக இருக்க வேண்டும்.

ஒன்று, நேர்ச்சை. அய்யனார் கோவிலில் நேர்த்திக்கடன் செலுத்த வந்தவர்களை அன்று பார்த்தோம். வாய்விட்டு வேண்டிக்கொண்டால் அது கடன் என்பது இந்த ஊரில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. இஸ்லாத்திலும் இறைவனிடம் நேர்ந்துகொண்டால் அதே கதைதான். 'வேலை கிடைச்சா தினமும் லுஹா 4 ரக்அத் தொழுவேன்' என்று நேர்ந்துகொண்டால், வேலை கிடைத்த நாளிலிருந்து அது நஃபில் இல்லை, கட்டாயம். மனசுக்குள் நினைத்தது மட்டும் நேர்ச்சை ஆகாது. வாயால் சொல்லியிருக்க வேண்டும். இப்படி நேர்ந்துகொள்வதை நபிகள் நாயகம் ஊக்குவிக்கவில்லை என்பதும் ஹதீஸில் இருக்கிறது. ஆனால் நேர்ந்துவிட்டால் நிறைவேற்றித்தான் ஆக வேண்டும்.

இரண்டு, ஆரம்பித்துப் பாதியில் விட்டது. வீட்டிலிருந்து வேலை பார்க்கிறீர்கள், நஃபில் தொழுதுகொண்டிருக்கும்போது மேனேஜர் போன் அடிக்கிறார், தொழுகையை முறித்துவிட்டீர்கள். ஹனஃபி வழிமுறையில் அந்த 2 ரக்அத்தைத் திரும்பத் தொழுவது கட்டாயம். செயல்களைப் பாழாக்காதீர்கள் என்ற குர்ஆன் கட்டளை (47:33) அவர்களுக்கு ஆதாரம். ஷாஃபியில் கட்டாயம் இல்லை. நஃபில் நோன்பு வைத்தவர் தனக்குத் தானே அதிகாரி, விரும்பினால் தொடரலாம், விரும்பினால் விடலாம் என்ற கருத்தில் வரும் ஹதீஸை அவர்கள் நஃபில் தொழுகைக்கும் பொருத்துகிறார்கள்.

பயணம், காய்ச்சல், மாதவிடாய்

*ஊரில் வழக்கமாகத் தொழுவேன். பயணத்தில் முடியவில்லை. நன்மை போச்சா?*
போகவில்லை. ஒருவர் நோயுற்றாலோ பயணம் போனாலோ, ஊரில் நலமாக இருந்தபோது செய்துவந்த நற்செயல் அவர் கணக்கில் எழுதப்படும் என்று புகாரியில் ஒரு ஹதீஸ் இருக்கிறது. வழக்கமாகச் செய்துவந்தவருக்குத்தான் இது.

*மாதவிடாய் நாட்களில் விட்ட தொழுகை?*
அந்த நாட்களின் ஃபர்ளுக்கே களா இல்லை. அதனால் சுன்னத்துக்கும் இல்லை. ரமலான் நோன்புக்கு மட்டும் களா உண்டு. தொழுகையைப் பட்டியல் போட வேண்டிய அவசியமே இல்லை.

*ஃபர்ளே நிறைய பாக்கி இருக்கு. நஃபில் தொழலாமா?*
முதலில் ஃபர்ளு. காரணமே இல்லாமல் ஃபர்ளை விட்டவர், அதைத் தீர்க்கும்வரை நஃபிலில் நேரம் செலவிடக் கூடாது என்று ஷாஃபி அறிஞர்கள் சிலர் கறாராகச் சொல்கிறார்கள். ஹனஃபியில் ஐவேளை சுன்னத்துகளை விடாமல், மற்ற நஃபிலுக்குப் பதிலாகக் களாவைத் தொழச் சொல்வார்கள். உங்கள் நிலைமைக்கு எது பொருந்தும் என்பதை உங்கள் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

*அப்படியென்றால் சுன்னத்தை விட்டால் நஷ்டமே இல்லையா?*
அப்படியும் இல்லை. மறுமையில் ஃபர்ளுத் தொழுகையில் குறை தெரிந்தால், அதை நஃபிலைக் கொண்டு நிரப்புவார்கள் என்று ஹதீஸ் உண்டு. சேமிப்பு மாதிரி. சேமிப்புப் போடாத மாதத்துக்கு யாரும் அபராதம் கேட்க மாட்டார்கள். ஆனால் அவசரத்துக்குக் கை கொடுக்க ஒன்றும் இருக்காது.

அப்போ, களா எதற்கு?

விட்டுப்போன சுன்னத்தை நபிகள் நாயகம் பிறகு தொழுத சம்பவங்களை எல்லாம் சேர்த்துப் பார்த்தால் ஒரு விஷயம் தெரிகிறது. எல்லாமே வழக்கமாகச் செய்துவந்த ஒன்று, ஒரு நாள் விருந்தாளியாலோ வலியாலோ தூக்கத்தாலோ தவறியபோது நடந்தவை. வாய்ப்பு கிடைத்ததும், அன்றோ மறுநாளோ தொழுதுவிட்டார். வருஷக்கணக்கில் பட்டியல் போட்டு மொத்தமாகக் கட்டியதாக அவற்றில் இல்லை.

ஆயிஷா வழியாக வரும் இன்னொரு ஹதீஸும் இதோடு சேர்கிறது. இறைவனுக்கு மிகப் பிடித்த செயல், கொஞ்சமாக இருந்தாலும் தொடர்ந்து செய்யப்படுவது. இரவில் தொழுதுகொண்டிருந்துவிட்டுப் பிறகு அடியோடு விட்ட ஒருவரைப் போல ஆகிவிடாதே என்று இளம் தோழர் ஒருவருக்கு நபிகள் நாயகம் சொன்ன அறிவுரையும் உண்டு.

பழக்கம் அறுந்துவிடாமல் காப்பாற்றத்தான் நஃபிலுக்குக் களா. அந்தக் களாவே பயமாக மாறிப் பழக்கத்தை அறுத்தால், அது வந்த வேலையைச் செய்யவில்லை என்று அர்த்தம். களா உண்டு என்கிற ஷாஃபியும் அதைக் கட்டாயம் ஆக்கவில்லை. களா இல்லை என்கிற ஹனஃபியும் நாளைக்குத் தொழ வேண்டாம் என்று சொல்லவில்லை.

சுருக்கமாக

- ஃபர்ளு விட்டுப்போனால்: களா கட்டாயம்.
- வித்ரு: ஹனஃபியில் களா கட்டாயம். ஷாஃபியில் தொழுவது நல்லது.
- ஃபஜ்ர் சுன்னத்: ஷாஃபியில் ஃபர்ளு முடிந்ததும் தொழலாம். ஹனஃபியில் சூரியன் உதித்த பிறகு, நண்பகலுக்குள்.
- மற்ற சுன்னத்துகள்: ஷாஃபியில் எப்போது வேண்டுமானாலும் தொழலாம். ஹனஃபியில் நேரம் போனால் களா இல்லை.
- தஹஜ்ஜுத்: மறுநாள் முற்பகலில் தொழுதுகொள்ளலாம்.
- நேர்ந்துகொண்டது: நிறைவேற்றியே ஆக வேண்டும்.

அன்று சாயங்காலம் காயல்பட்டினத்து நண்பர் உள்ளே போய் இரண்டு ரக்அத் தொழுதுவிட்டு வந்தார். ராஜபாளையத்து நண்பர் தொழவில்லை. அவர் மத்ஹபில் அது இல்லை. ஆனால் போனை எடுத்து, பல மாதமாகத் திறக்காத அந்தப் பட்டியலைத் திறந்தார். தஹஜ்ஜுத்தை அழித்தார். சுன்னத்தை அழித்தார். கடைசியில் மிஞ்சியது வித்ரும், தூக்கத்தில் போன சில ஃபஜ்ரும்தான்.

"இவ்வளவுதானாடா?" என்றார்.

தினமும் இஷாவோடு ஒரு களா வித்ரு, ஷிப்ட் முடிந்து வந்ததும் ஒரு களா ஃபஜ்ர் என்று கணக்குப் போட்டிருக்கிறார். அதோடு தூங்கப் போகும் முன்பு இரண்டு ரக்அத் நஃபில். அதை மட்டும் எங்கேயும் எழுதி வைக்கப் போவதில்லையாம்.